இசபெல் சிஸ்டருக்கு ஒரு பூசை

யாழ்ப்பாணத்தில் உலகப் படங்கள் பார்க்கும் பிள்ளைகளின் கழகம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அவர்களில் சிலர் மடத்துவெளிக்கு என் வீடு தேடி வந்தார்கள். பழைய மெக்சிக்கோப் பேய்ப்படங்களை, அதிலும் கன்னியர் மடமும் குருமாரும் பிசாசும் வருகிற படங்களை, ஒரு சனி ஞாயிறில் தொடர்ந்து போடப்போகிறார்களாம். அந்தப் படங்களைத் தீவு தீவாகக் காவித் திரிந்தவன் என்று யாரோ என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா, எங்கட சனம் ஏன் உதுகளை இவ்வளவு விரும்பிப் பாத்தது? நீங்கள் வந்து கதைக்கவேணும்" என்றார்கள். ஓம் என்றேன். அவர்களில் ஒரு பிள்ளை, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள்: "நீங்கள் நெடுந்தீவிலை போட்ட கொப்பியிலை முடிவு இல்லையாமே. எங்களிட்டை முழுப்படமும் இருக்கு."

வருவேன், பேசுவேன். ஆனால் அந்த ஒரு படத்தின் கடைசிப் பகுதி வருமுன் எழுந்து வெளியே போய்விடுவேன். யாரும் கையைப் பிடித்து இருத்தக்கூடாது, முடிவை என் காதில் போடவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முழுசினார்கள். கிழவனுக்குக் கொழுப்பு என்று நினைக்கக்கூடும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் றேடியோ திருத்தப் பழகியவன். அந்தத் தொழிலில் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஊர்காவற்றுறையில் பிலோமினா அக்கா படக்கடை வைத்திருந்தார். வாடகைக்குப் படம் கொடுப்பார். கோயில் பெருநாள், பள்ளிக்கூட விழா என்றால் புறொஜெக்டரும் ஜெனறேற்றரும் கொண்டுபோய்ப் படம் போடுவார். ஜெனறேற்றர் திருத்தப் போன என்னை அவர் திருப்பி அனுப்பவில்லை. கடை பூட்டும்வரை அங்கேதான் வேலை செய்தேன். எல்லார் கையிலும் போன் வந்தது, கடையைப் பூட்டினோம். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. முதுகுநோவாவது மிச்சம் என்று நினைத்தேன்.

மெக்சிக்கோவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு அக்காவின் கணவர் சவரிமுத்து. நெடுந்தீவுக்காரர், கடற்றொழில் செய்தவர். ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்கு வெளிக்கிட்டு, நாடு நாடாக மாறி, மெக்சிக்கோவில் அகப்பட்டுக்கொண்டார். அங்கே ஒரு சந்தையில் பழைய படங்கள் விற்கும் கடையில் எடுபிடியாக நின்றார். அனுப்ப வேறொன்றும் இல்லாததால் டிவிடித் தட்டுகளில் படங்களை அனுப்பினார். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் போன் எடுத்து, அந்தந்தப் படத்தின் கதையைச் சொல்வார். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை உரத்துத் திருப்பிச் சொல்வார். நான் பக்கத்தில் நின்று மனதில் போட்டுக்கொள்வேன். புருசன் பெண்சாதி கதைப்பதில் பாதி பிசாசைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஒருநாள் "இந்தக் கிழமை எல்லைக்கு வெளிக்கிடுறம்" என்று சொன்னார். அதன்பிறகு போன் இல்லை. அவர் வெளிக்கிட முன் தபாலில் போட்ட கடைசிப் பார்சல் மட்டும், குரல் நின்று பல மாதம் கழித்து வந்து சேர்ந்தது. உள்ளே ஒரேயொரு படம். அதன் கதையைச் சொல்ல யாரும் இல்லை.

அக்காவோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. குரலை உயர்த்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் நமக்கு ஏச்சு விழப்போகிறது என்று அர்த்தம். புதுப்படம் வந்தால் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "முகத்திலை என்ன இருக்கெண்டு முதல்லை பாரும், கணேசு. சத்தம் ஆளை ஏமாத்தும்" என்பார். பிறகு சத்தத்தோடு. அதற்குப் பிறகுதான் நான் மைக்கில் சொல்லிப் பழகவேண்டும். படத்துக்குத் தமிழ் எழுத்து இல்லாத காலம். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைச் சொல்வதும் என் வேலை.

ஒருமுறை ஒத்திகையில் "பெரிய மதர் இப்ப கோவமாய் இருக்கிறா" என்று சொல்லிவிட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ கோவமாய் இருக்கிறது குருடனுக்கும் தெரியும். சனத்துக்குத் தெரியாததைச் சொல்லும். அதிலையும் உமக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லும். தெரியாதெண்டால் வாயை மூடிக்கொண்டு நில்லும்."

இன்னும் சில கட்டளைகள் இருந்தன. படத்தில் செபம் வந்தால் நான் பேசக்கூடாது. சலிப்பான இடத்தை வேகமாக ஓடவிட்டுக் காட்டக்கூடாது. ஒரு துண்டுக் கடதாசி அட்டை எப்போதும் என் இடது கையில் இருக்கவேண்டும். அந்தப் படங்களை எடுத்தவர்கள் பக்திமான்கள் என்று நான் சொல்லவரவில்லை, அவர்கள் வியாபாரிகள். கொஞ்ச நேரத்துக்கொருமுறை யாராவது ஒரு பெண்ணின் உடுப்புக் கிழியவேண்டும், அதுதான் அவர்களின் சந்தை. அந்த இடம் வரும்போது புறொஜெக்டரின் கண்ணை அட்டையால் மறைப்பேன். "சதையை மறையும், ரத்தத்தை மறைக்காதையும்" என்பது அக்காவின் சட்டம். நாரந்தனையில் ஒருமுறை நான் அட்டையைப் பிடிக்கப் பிந்தியதற்கு ஆண்கள் பக்கத்தில் விசில் அடித்தார்கள். எடுக்கப் பிந்தியதற்குப் பெண்கள் பக்கத்தில் ஏசினார்கள். அவர்களுக்குக் கதை முக்கியம்.

சரி, சனம் ஏன் பார்த்தது? பயப்படுவதற்கு என்று சொன்னால் அது அரைவாசிப் பதில். பயப்படுவதற்குப் பேய்ப்படம் தேவைப்படாத ஆண்டுகள் எங்கள் தீவுகளில் நிறைய இருந்தன. எங்களைப் பயப்படுத்தியவை குருசைக் காட்டினால் பின்வாங்கவில்லை, தேசிக்காய் வெட்டினாலும் போகவில்லை. மெக்சிக்கோப் பிசாசு அப்படியல்ல. அது எவ்வளவு ஆட்டம் போட்டாலும், அதற்குப் பயப்பட ஒன்று இருந்தது. தீர்த்தம் பட்டால் அதற்குச் சுட்டது. ஒரு பயத்துக்கு எல்லை இருக்கிறது என்று பார்ப்பது எவ்வளவு ஆறுதல் என்பது எல்லையில்லாமல் பயந்தவர்களுக்குத்தான் தெரியும். அமெரிக்கப் படங்களையும் போட்டுப் பார்த்தோம். முகமூடிக்காரன் கத்தியோடு வந்து வெட்டுவான். ஏன் வெட்டுகிறான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கிழவர் எழும்பிப் போகும்போது சொன்னார்: "தம்பி, உதைக் கன தரம் பாத்திட்டம்."

இன்னொன்று, அந்த ஊர் எங்கள் ஊர்போல இருந்தது. வெள்ளையடித்த கோயில், பட்டு உடுத்திய சுரூபங்கள், முக்காடு போட்ட வெறுங்கால் பெண்கள், புழுதி, கழுதை. பிசாசு அமெரிக்காவில் பெரிய மாளிகைக்குத்தான் வரும், மெக்சிக்கோவில் ஏழையின் கிணற்றடிக்கும் வந்தது. பேச்சிலும் பழகிய சொற்கள் விழும். மேசை என்பார்கள், சப்பாத்து என்பார்கள், குருசு என்று நாங்கள் சொல்வதையும் கொஞ்சம் கடித்துச் சொல்வார்கள். எங்களுக்குப் பறங்கியும் அவர்களுக்கு அவன் பக்கத்து நாட்டு ஸ்பானியனும் விட்டுப்போன சொற்கள். ஒவ்வொன்றும் விழும்போது சனம் "உது எங்கட கதை!" என்று குதூகலிக்கும். சிஸ்டர்மாரிடம் பிரம்படி வாங்கிப் படித்த பெண்களுக்கு, திரையில் ஒரு சிஸ்டர் முக்காட்டைக் கழற்றி எறிந்து ஓடுவதைப் பார்ப்பதில் ஒரு கள்ளச் சந்தோஷமும் இருந்தது. அதை ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

எங்கள் சைவச் சனமும் குறைவில்லை. புங்குடுதீவில் ஒரு படத்தில், பிசாசு பிடித்த பெண்ணுக்கு முன்னால் குருவானவர் புத்தகத்தைத் திறந்து நீளமாக வாசித்துக்கொண்டே இருந்தார். பொறுமை கெட்ட ஒரு மனிசன் எழும்பித் திரையைப் பார்த்துக் கத்தினார்: "சுவாமி, வாசிச்சது காணும்! முதல்லை ஆரெண்டு பேரைக் கேளும்! என்ன வேணுமெண்டு கேளும்!" முழுச்சனமும் "ஓம், கேளும்" என்றது. ஒருவர்மேல் உரு வந்து ஆடினால் பெயர் கேட்பதுதானே எங்கள் வழக்கம்.

இனி நெடுந்தீவுக் கதைக்கு வருகிறேன்.

சவரிமுத்துவுக்குத் தமையன் ஒருவர் நெடுந்தீவில் இருந்தார். பெயர் யாக்கோப்பு. அவர்களுடைய கோயிலில் சக்கிடுத்தார். பீடத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவது, மணி அடிப்பது, யாருக்காகப் பூசை என்று கொடுப்பவர்களிடம் பெயர் எடுத்து அதைச் சனத்துக்கு அறிவிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குரல் நின்று ஆண்டுகள் போகப்போக, ஒவ்வொரு கார்த்திகையும் அவர் அக்காவுக்கு ஆள் அனுப்புவார். தம்பிக்கு, இறந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆத்துமப் பூசை கொடுப்போம், ஊர் கதைக்கிறது, செய்யவேண்டியதைச் செய்வோம் என்று. அக்கா சம்மதிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருப்பவருக்கு என்று பூசை கொடுக்கவும் அவரால் முடியவில்லை.

"இருக்கிறார் எண்டு குடுத்தால் எனக்கு விசர் எண்டுவினம்" என்று ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார். "செத்தவர் எண்டு குடுக்க நான் பாக்கேல்லை. பாக்காததை என்னெண்டு சொல்லுறது?"

அதனால் சவரிமுத்துவின் பெயர் எந்தக் கோயிலிலும் எந்தப் பக்கத்திலும் வாசிக்கப்படவில்லை. இருப்பவர்களோடும் இல்லை, இறந்தவர்களோடும் இல்லை. அக்காவைத் தின்றது அதுதான். அவர் அழுது நான் பார்க்கவில்லை, ஆனால் பூசையில் பெயர் வாசிக்கும் நேரத்துக்கு அவர் கோயிலுக்கு வெளியே வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெடுந்தீவுப் பெருநாளுக்குப் படம் போடச் சொல்லிக் கேட்டு வந்தபோது, அக்கா ஒரே பிடியாகச் சொன்னார்: "கடைசிப் பார்சலிலை வந்த படம்தான். அவர் அனுப்பினது. அவற்றை ஊரிலைதான் முதல் போடவேணும்."

"அக்கா, அந்தத் தட்டு முடிவிலை இறுகிப்போகுது" என்றேன்.

"தெரியும். இறுகிற இடத்திலை நிப்பாட்டும்."

மற்றப் படங்களில் தட்டுப் பழுதென்றால் சவரிமுத்து சொன்ன முடிவை நான் வாயால் சொல்லிச் சமாளிப்பேன். இந்தப் படத்துக்கு அவர் கதை சொல்லவில்லை. முகங்களையும், பொறுக்கிய சொற்களையும் வைத்து நாங்களே பிடித்த கதை. இசபெல் என்று ஓர் இளம் சிஸ்டர், நோயாளிகளைப் பார்க்கிறவள். கிணற்றடியில் கறுத்த அங்கி போட்ட அந்நியன் ஒருவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாள். அதன்பிறகு அவளுக்குள் இரண்டு குரல்.

குறிகட்டுவானில் படகேறும்போது கடல் கொந்தளிப்பு. புறொஜெக்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.  மண்டபத்து யன்னல்களைத் தறப்பாளாலும் பழைய பாய்ச்சீலையாலும் மூடி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் தொடங்க ஏற்பாடு. யாக்கோப்பு அண்ணை கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கோயிலுக்குக் குறைவாய் ஏதும் வந்தால் வயரைப் பிடுங்குவன். சொல்லிப்போட்டன்."

"பிடுங்குங்கோ மச்சான்" என்றார் அக்கா. "ஆனால் கடைசிமட்டும் பாத்திட்டுப் பிடுங்குங்கோ."

படம் நன்றாகப் போனது. பாதிக்குப் பிறகு அந்தப் பூசைக் காட்சி வந்தது. சனத்துக்கு முதுகைக் காட்டி நின்ற குருவானவர், ஆண்டவரின் உடல் என்று அவர்கள் வணங்கும் அப்பத்தை உயர்த்துகிறார். மணி அடிக்கிறது. மண்டபத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. எழும்பிப் போகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், கதவடியில் யாக்கோப்பு அண்ணை முழங்காலில் நிற்கிறார். ஆயுள் முழுதும் அந்த மணியை அடித்த மனிதர். காதில் விழுந்ததும் முழங்கால் மடிந்துவிட்டது. அவரைத் தொடர்ந்து முழு மண்டபமும் முழங்காலில் நின்றது. அது படம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மணி அடித்தால் மடிவதுதான் அவர்களுடைய முழங்கால்.

 அடுத்து வருவது என்னவென்று எனக்குத் தெரியும். இசபெல் எழும்பி ஓடிவந்து அப்பத்தைத் தட்டிவிடப்போகிறாள். முழங்காலில் நிற்கும் சனத்துக்கு முன்னால் அதைக் காட்டினால் புறொஜெக்டரும் மிஞ்சாது, நானும் மிஞ்சேன், தீவுகளில் எந்தக் கோயில் மண்டபமும் எங்களுக்குத் திறக்காது. நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி பின்னால் பார்த்தேன். அக்காவும் முழங்காலில்தான் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நிறுத்தாதே என்று.

மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"ஒருதரும் எழும்பாதேங்கோ. இப்ப பொல்லாத காட்சி ஒண்டு வருது. அந்த மடத்துச் சிஸ்டர்மாரும் முழங்காலிலை நிண்டுதான் அதைப் பாத்தவை. நாங்களும் அப்பிடியே நிண்டு பாப்பம்."

இசபெல் தட்டினாள். அப்பம் தரையில் விழுந்தது. "சேசுவே!" என்று பெண்கள் பக்கத்தில் ஓலம். யாக்கோப்பு அண்ணை பாதி எழும்பி, வயர் இருந்த பக்கம் திரும்பினார். அந்த நேரம் முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த கொன்சி என்ற பெண் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தொடங்கிய செபத்தைக் குழப்பச் சக்கிடுத்தாரால் ஏலாது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப முழங்காலில் நின்றார். செபம் வந்தால் பேசக்கூடாது என்பது அக்கா எனக்கு இட்ட சட்டம், நானும் பேசவில்லை. திரையில் இசபெல் அழுதாள். தான் தட்டிவிட்டதை எடுக்கத் தவழ்ந்து வந்தாள், கை கிட்டப் போகும், தொட ஏலாமல் திரும்பும்.  அங்கே எவருக்கும் அவள்மேல் கோபம் மிச்சமில்லை.

கடைசியில் அவள் ஒரு மெழுகுதிரியோடு கிணற்றுக்கட்டில் ஏறுகிறாள். மற்றவர்கள் பின்னால் ஓடி வருகிறார்கள். அவள் ஒரு காலைத் தூக்குகிறாள். அங்கே தட்டு இறுகியது. முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது.

"என்ன நடந்தது? விழுந்திட்டாவோ? பிடிச்சினமோ?" என்று சனம் கேட்டது.

"தெரியாது. இதோடை படம் முடிஞ்சுது" என்றேன்.

கூச்சல் எழும்பியது. யாக்கோப்பு அண்ணை முன்னுக்கு வந்தார். "இவ்வளவு நேரம் சொன்னனீர், முடிவு தெரியாதோ? செத்துத்தான் இருப்பா. சொல்லும், செத்திட்டா எண்டு சொல்லும். சனம் வீட்டை போகட்டும்."

பொய் சொல்வது எனக்குப் பெரிய பாரமில்லை. ஒரு வசனம் சொன்னால் போதும், எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஆனால் வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணை. தெரியாததை நான் சொல்லமாட்டன்" என்றேன்.

பின்னால் இருந்து அக்கா எழும்பினார். அப்போதும் குரல் உயரவில்லை. "அவ விழுந்ததை ஆரும் பாத்தனீங்களோ?"

 யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று அந்த மண்டபத்தில் விளங்காதவர் இல்லை. யாக்கோப்பு அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

கொன்சிதான் பேசினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அப்ப அந்தச் சிஸ்டருக்கு நாளைக்கு ஒரு பூசை குடுப்பம்."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. யாக்கோப்பு அண்ணை, பூசைக்குப் பெயர் எடுக்கும்போது எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைப் பழக்கத்தில் கேட்டார்: "உயிரோடை இருக்கிறவைக்கோ, செத்தவைக்கோ?"

"செத்ததை ஒருதரும் பாக்கேல்லையே அண்ணை" என்றாள் கொன்சி. "இருக்கிறவைக்குத்தான் குடுக்கவேணும்."

யாக்கோப்பு அண்ணை திரும்பி நடந்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்தநாள் பெருநாள் பூசை. படகு பிந்தித்தான் என்பதால் நானும் போய்க் கடைசியில் நின்றேன். பெயர் வாசிக்கும் நேரம் வந்தது. அக்கா வழக்கம்போல வெளியே போகத் திரும்பினார். நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். எனக்குச் சம்பளம் தந்தவருக்கு நான் செய்த ஒரேயொரு மரியாதைக்கேடு அது. கண்ணாடியைக் கழற்றினார், நான் விலகவில்லை.

யாக்கோப்பு அண்ணை மைக்கடியில் வந்து நின்றார். முதலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். பிறகு இருப்பவர்கள். நோயாளிகள், கடலுக்குப் போயிருப்பவர்கள், சோதனை எழுதும் பிள்ளைகள். தொண்டையைச் செருமினார்.

"மெக்சிக்கோவிலை துன்பப்படுகிற இசபெல் சிஸ்டருக்காக."

பாதர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. யாக்கோப்பு அண்ணை பீடத்தைவிட்டுப் போகவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். 

"அதே நாட்டிலை இருக்கிற, எங்கட சவரிமுத்துவுக்காகவும். இருக்கிற என்ர தம்பிக்காகவும்."

அக்கா அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தார். முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுதும் சொன்னது. எல்லாரையும்விட உரத்துச் சொன்னவன், நெற்றியில் திருநீறோடு வாசலில் நின்ற நான்.